இருதய ஆண்டவருக்கு எதிர்ச்சுவர்

பியட்றிஸ் வீட்டு ஹோலில் ஒரு சுவரை யாரும் தொட முடியாது. அது இருதய ஆண்டவருக்கு உரியது. வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று பாதர் வந்து ஜெபம் சொல்லி மாட்டிய படம் அது. கீழே சின்னச் சிவப்பு பல்ப் இரவும் பகலும் எரியும். அதற்குப் பக்கத்திலோ மேலேயோ வேறு எதையும் மாட்டக் கூடாது என்பது பியட்றிஸின் சட்டம். மாட்டினால் ஆண்டவரோடு தோள் உரசிக்கொண்டு நிற்பது போல இருக்குமாம். ஆகவே அலங்காரம் என்று எதையாவது மாட்டுவதானால் எதிர்ச்சுவரில்தான் மாட்ட வேண்டும். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

நான் அனீஸா. கட்டுகஸ்தோட்டையில் அவர்களுக்கு அடுத்த வீடு. ஜன்னல் சீலை தைப்பது என் தொழில். அளவு நாடாவும் கையுமாகக் கண்டியைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஹோல் சுவரைப் பார்த்தாலே அந்த வீட்டார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். சிலர் மைத்துனிக்குப் பயந்து படம் மாட்டுவார்கள். சிலர் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் எட்டிப் பார்க்கும் பிள்ளைக்குப் பயந்து மாட்டுவார்கள். எங்கள் வீட்டில் இந்தத் தலையிடி கிடையாது. உயிருள்ளவற்றின் படம் நாங்கள் மாட்டுவதில்லை. ஒரு பக்கம் குர்ஆன் ஆயத்து, மறுபக்கம் மணிக்கூடு, அவ்வளவுதான் கதை.

பியட்றிஸ் யாருக்குப் பயந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய மகள் தினுஷா வங்கியில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் றஜீவை அவளுக்குப் பிடித்துவிட்டது. றஜீவின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்து ஆட்கள், கண்டிக்கு வந்து நெடுங்காலம். தாய் பென்ஷன் எடுத்த டீச்சர், தகப்பன் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அவர்களும் கத்தோலிக்க வேதக்காரர்கள் என்பதால் கோயிலில் ஒரு தடையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து பியட்றிஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் இதுதான். பியட்றிஸ் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களின் லயத்து அறையில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, முதுகில் கூடையைத் தொங்கவிட்டுக் கொழுந்து பறித்தவள். தோட்டத்துக்கு உரம் ஏற்றி வந்த லொறிக்கார சுவக்கின் அவளைக் கண்டு, கேட்டு, கட்டி, கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டி வந்தார். வந்த பிறகு சிஸ்டர்மார் நடத்தும் பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பிள்ளை குட்டியோடு வந்து, "பியட்றிஸ் அன்ட்டி" என்று ரோட்டிலே நின்று கட்டிப்பிடிக்கிறார்கள். ஊர் எது என்று யாராவது கேட்டால் "கண்டிதான்" என்பாள். பொய்யில்லை, தெல்தோட்டையும் கண்டி மாவட்டம்தானே. கேட்பவர்களும் அதற்கு மேலே கிண்டுவதில்லை. ஆனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் கிண்டுவார்கள். தோட்டத்தாளின் மகள் என்று தெரிந்தால் தினுஷாவை வேண்டாம் என்றுவிடுவார்கள், தன்னால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும் என்பதுதான் அவளுடைய பயம்.

எனக்கு அவள் இதைச் சொன்னது ஒரு மழை நாளில். பின்வளவில் என் காலில் அட்டை ஏறி நான் ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்து, ஒரு விரலால் அதைச் சுண்டி எறிந்துவிட்டாள். "எங்க புள்ள இதப் படிச்ச?" என்று சும்மா கேட்டேன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சொன்ன பிறகு ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். "ஹோல் வெறிச்சோடிக் கெடக்கும்மா. நல்ல பெயின்டிங் ஒண்ணு வாங்கி மாட்டுங்க" என்று தினுஷா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். பியட்றிஸ் என்னைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினாள்.

வாவிக்கரைப் பக்கத்தில் ஒரு மாடிக்கடை. கடைக்காரர் அரூஸ் நானா, எங்கள் ஆள்தான். உள்ளே போனால் தரையிலிருந்து கூரை வரை படம். பியட்றிஸ் சந்தையில் மீன் பார்ப்பது போல ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். முதலில் பெரஹெர ஊர்வலத்து யானை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா, எதிர்ல இருதய ஆண்டவர் இருக்காரே. நாள் பூரா அவரு யானையவே பாத்துகிட்டு இருக்கணுமே" என்றாள்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்கும் அந்தக் கண்தான் வந்தது. ஓடுகிற குதிரைகளைப் பார்த்தோம். குதிரை வாசல் பக்கம் பார்த்து ஓடினால் வீட்டிலுள்ளது எல்லாம் ஓடிவிடும் என்றாள். உள்பக்கம் பார்த்து ஓடுகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை. நீர்வீழ்ச்சி பார்த்தோம். வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகுவது போல இருக்கிறது என்று நானே வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டுக் கூரை அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது, அந்தக் கடுப்பு.

அரூஸ் நானா பொறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து பெரிய படமொன்றைத் தூக்கி வந்தார். "இது பாருங்க. இப்ப ஆக நல்லாப் போறது இதுதான். வெள்ளக்காரனும் கேக்கிறான், கொழும்பு ஆளும் கேக்கிறான்."

பச்சை மலை. வரிசையாகப் பெண்கள், முதுகில் கூடை, கையில் கொழுந்து. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உதட்டில் சாயம், காதில் ஜிமிக்கி. கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் மலையேறியவர்கள் போல இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பியட்றிஸைத் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. யாரோ அவளுடைய அலுமாரியைத் திறந்து உள்ளே இருப்பதைத் தெருவில் பரப்பியது போல அவள் முகம் இருந்தது.

"இது வேணாம்" என்றாள். "சும்மா குடுத்தாலும் வேணாம்."

கடைசியில் அவள் எடுத்தது பனி மூடிய ஒரு வெள்ளைக்காரன் வீட்டை. ஏன் இது என்று கேட்டேன். "பனி பேயிற ஊரப் பாத்துட்டு யாரும் நம்மள எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்க அக்கா" என்றாள். அவள் சொல்லும்போது அதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. நல்லவேளையாக, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று அரூஸ் நானா சொல்லியிருந்தார். சொன்னதற்கு அவர் பிறகு வருந்தியிருப்பார்.

சுவக்கின் அந்தப் படத்தைப் பார்த்து, "இதுல யாரு இருக்கா? கதவு மூடிக் கெடக்கு, ஆனா பொக வருது. பாத்தாலே குளுருதே" என்றார். தினுஷா, "பிஸ்கட் டின் மூடி மாதிரி இருக்கும்மா" என்றாள். திருப்பிக் கொண்டுபோனோம். அடுத்து, கண்டி வாவிப் படம். பஸ்ஸில் போகும்போது தினமும் சும்மா பார்ப்பதை எதற்கு மாட்ட வேண்டும் என்றார் சுவக்கின். அதுவும் போனது. பிறகு பூச்சாடி. அதற்கு நான்தான் சண்டை பிடித்தேன். ஜன்னலுக்கு நான் தைத்துக் கொடுத்த சீலையில் ஏற்கனவே பூ இருக்கிறது, அங்கேயும் பூ இங்கேயும் பூ என்றால் அது வீடா, பிணம் வைக்கிற மலர்ச்சாலையா? எங்களைப் படியில் கண்டால் அரூஸ் நானா உள்ளே போய் ஒளிந்துகொள்கிற நிலைமை வந்துவிட்டது. பியட்றிஸுக்குத் தனக்கு எது பிடிக்கும் என்பதே மறந்துபோனது. "எனக்கு என்னதான் பிடிக்கும் அக்கா, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டாள். நான் எங்கே போவேன்?

அப்போதுதான் சுவக்கினுக்கு மூளை வேலை செய்தது. சண்டை நின்று பாதை திறந்த காலத்தில் லொறியில் யாழ்ப்பாணம் போய் வந்தவர் அவர். "அவங்களுக்குப் பனைன்னா உசுரு. பனைப் படம் மாட்டுவோம். வந்து உக்காந்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். அதப் பத்தியே பேசிகிட்டு இருப்பாங்க. நம்மளக் கேக்க மாட்டாங்க" என்றார்.

எல்லாருக்கும் களைத்துப் போயிருந்தது. யார் எதைச் சொன்னாலும் சரி என்கிற நேரம். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. போய் எடுத்து வந்தோம். செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் பனை, பின்னால் சிவந்த வானம். உண்மையிலேயே அழகான படம். எதிர்ச்சுவரில் மாட்டியதும் ஹோலுக்கே ஒரு களை வந்தது. இருதய ஆண்டவருக்கும் கண் குளிர்ந்திருக்கும் என்று பியட்றிஸ் சொன்னாள். அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வட்டிலப்பம் அவித்து எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். நான் குசினியில் நின்றால் தனக்குக் கை நடுங்காது என்று பியட்றிஸ் கேட்டிருந்தாள். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் நான் தைத்த சீலைதான் மறைப்பு. அதில் எங்கே விலகினால் எது தெரியும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

மூன்று பேரும் வந்தார்கள். தகப்பனின் கையில் பிறவுண் தாளில் சுற்றிய, தட்டையான பெரிய பார்சல். அதைக் கதவோரம் சாய்த்து வைத்தார். தாய் நல்ல உயரம், பருத்திச் சேலை, சிரித்த முகம். "வீடு வடிவாய் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருதய ஆண்டவருக்குக் கீழே இருந்த செற்றியில் அமர்ந்தார். நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

கொஞ்சம் தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு எழுந்து போய், ஜன்னலோரம் இருந்த தனிக் கதிரையில் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பியட்றிஸ் குசினிக்குள் ஓடிவந்தாள். "அக்கா, அவங்களுக்கு வீடு பிடிக்கல. செற்றில உக்கார மாட்டேங்கிறாங்க. மொகமே மாறிப்போச்சு."

"காத்து வாங்கப் போயிருப்பாங்க புள்ள. வெக்கையா ஈக்குதே" என்றேன். எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. செற்றி உறை சுருங்கியிருக்கிறதோ என்றுதான் என் புத்தி போனது.

ஹோலில் தகப்பன் சுவக்கினிடம் பேசிக்கொண்டிருந்தார். "பனைப் படம் மாட்டியிருக்கிறியள். நீங்களும் எங்கட பக்கமோ?"

"இல்லீங்க சேர். படம் நல்லாருந்துச்சு, அதான்."

"அப்ப சொந்த இடம் எது?"

"கண்டிதாங்க."

"கண்டியில எவடம்?"

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கேட்கக் கூடாது என்று மாட்டிய படமே கேள்வியைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்திருக்கிறது. சுவக்கின் வாயைத் திறக்கிறார், மூடுகிறார். தினுஷா தரையைப் பார்க்கிறாள். றஜீவ்தான் இடையில் புகுந்தான். நல்ல பிள்ளை, எப்படியாவது பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

"அப்பா, கொண்டு வந்த சாமானைக் குடுங்கோவன்."

தகப்பன் பார்சலை எடுத்து வந்து, தாளைக் கிழித்தார். பியட்றிஸ் தேத்தண்ணித் தட்டோடு அப்போதுதான் ஹோலுக்குள் போனாள். தாளுக்குள்ளிருந்து பச்சை மலை வந்தது. கூடை வந்தது. உதட்டுச் சாயம் பூசிய அந்தப் பெண்கள் வரிசையாகச் சிரித்தார்கள். அரூஸ் நானா எப்படியோ அதை ஒருவர் தலையில் கட்டிவிட்டார்.

பியட்றிஸ் தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். ஒரு சொட்டுத் தேத்தண்ணிகூடச் சிந்தவில்லை.

"தெரிஞ்சுதான் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள்.

றஜீவின் தாய்க்கு விளங்கவில்லை. "என்னது?"

"நான் கொழுந்து பறிச்சவன்னு. தெல்தோட்டையில, லயத்துல பொறந்தவன்னு. தெரிஞ்சா நேரா கேட்டிருக்கலாமேங்க. படமா கொண்டாந்து காட்டணுமா?"

தகப்பன் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், பியட்றிஸைப் பார்த்தார், படத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"கடவுளாணை எனக்குத் தெரியாது" என்றார் தாய். "கண்டி வீட்டுக்கு இதுதான் வடிவு எண்டு கடைக்காரர் சொன்னவர். அதுதான் வாங்கினனாங்கள்."

"எனக்குத் தெரியும் அம்மா" என்றான் றஜீவ். "தினுஷா முதலே சொன்னவ. வீட்டில சொல்லவேணும் எண்டு எனக்குப் படேல்ல."

பியட்றிஸ் அவனைப் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்தாள். "இப்ப தெரிஞ்சிருச்சு. மொதல்லயே தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்களா?"

அந்த அம்மா சட்டென்று "ஐயோ, அப்பிடியெல்லாம் இல்லை" என்று சொல்லியிருந்தால் எனக்கு அவரைப் பிடித்திருக்காது.

"உண்மையைச் சொன்னா, யோசிச்சிருப்பம்" என்றார். "ஆனா இந்தப் படத்தைக் கொண்டு வந்திருக்க மாட்டன்."

"ஏன், கேவலம்னா?"

"இல்லை." அவர் கதிரையில் இருந்தபடியே பின்னால் கையை நீட்டி, பார்க்காமலே எதிர்ச்சுவரைக் காட்டினார். "நான் வந்த நேரம் தொடக்கம் அந்தப் பக்கம் பாக்கேலாமல் இருக்கிறன். தொண்ணூற்றைஞ்சில இடம்பெயர்ந்து வரேக்க இப்பிடித்தான் ஒரு றோட்டு. ரெண்டு பக்கமும் பனை. நல்ல மழை. இவன் கைக்குழந்தை. என்ர அப்பாவுக்கு நடக்கேலாமல் போச்சுது. ஒரு பனைக்குக் கீழ இருத்தினனாங்கள். அதிலயே சீவன் போச்சுது. அதிலயே கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டு, சனத்தோட சனமா நடந்து வந்தனாங்கள்."

சுவக்கின் செற்றியின் நுனிக்கு வந்துவிட்டார். பாவம், அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பாக்கிற ஆக்களுக்குப் பனை வடிவுதான்" என்றார் அந்த அம்மா. "நீங்கள் எங்களுக்காண்டித்தான் மாட்டினீங்கள். அது எனக்கு விளங்குது. அதால ஒண்டும் சொல்லாமல் இருந்தனான்."

பியட்றிஸ், தகப்பன் தரையில் சாய்த்து வைத்திருந்த கொழுந்துப் பெண்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நாங்களும் மலையில சிரிச்சோம்ங்க. சிரிக்காம ஒண்ணும் இல்ல. ஆனா நனஞ்சு வெறச்சுப் போயி நின்னத செவத்துல மாட்டி வச்சு, உக்காந்து தேத்தண்ணி குடிச்சுகிட்டுப் பாக்க எனக்கு ஆசை இல்ல. வெக்கப்பட்டு இத வேணாங்கலைங்க. இத்தன நாளும் வெக்கமாத்தான் இருந்துச்சு. இப்ப அதனால வேணாங்கல."

குசினி சீலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், என் சொந்தத் தையல்தானே. இத்தனை வருஷம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து, கொழுந்துக்காரி என்று தெரிந்துவிடுமோ என்று சந்தையில் தலையில் ஒரு சுமைகூட வைக்கக் கூச்சப்பட்டவள், நடு ஹோலில் நின்று ஊரறியச் சொல்லிவிட்டாள். இனிக் கலியாணம் நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்திருப்போம் என்றவர் இப்போதும் யோசிக்கலாம் இல்லையா? தினுஷாவின் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது. றஜீவ் தாயைப் பார்ப்பதும் தினுஷாவைப் பார்ப்பதுமாக இருந்தான்.

பியட்றிஸ் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு போய் எதிர்ச்சுவரடியில் போட்டாள்.

"விடு, நான் எடுக்கிறேன்" என்று சுவக்கின் எழுந்தார்.

"நீங்க இருங்க" என்றாள்.

சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கதிரையில் ஏறினாள். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துப் பனைப் படத்தை ஆணியிலிருந்து தூக்கினாள். பாரமான படம், நானும் அவளுமாகச் சுமந்து வந்ததுதான். கதிரை ஒரு பக்கம் ஆடியது. நான் சீலையை விலக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். அதற்குள் றஜீவின் தாய் எழுந்து போயிருந்தார். அந்தச் சுவருக்கு நேரே, அந்தப் படத்துக்கு நேரே நின்று, குனிந்து, கதிரையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து, சம்மந்தி" என்றார். "கதிரை ஆடுது. நான் பிடிச்சிருக்கிறன், ஆறுதலா இறங்குங்கோ."

பியட்றிஸ் இறங்கவில்லை. கை இரண்டிலும் படம் இருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லாமல், கதிரை மேலேயே நின்று அழுதாள்.